லோஷன் அத்தையும் செல்வியின் மூக்கும்

எங்கள் லைன் வீடுகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மூக்கு ஒழுகும். ஒழுகினால் புறங்கையால் ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்துவிட்டு விளையாடப் போய்விடுவோம். செல்விக்கு மட்டும் மூக்கு ஒழுகவே கூடாது என்று அவள் அம்மா முடிவு செய்திருந்தாள். அந்த ஒரு முடிவிலேயே அந்தப் பொம்பளையின் ஆயுசு போனது.

நான் அவளை அத்தை என்று கூப்பிடுவேன். ரத்த உறவு ஒன்றும் இல்லை. மட்டாஞ்சேரியில் மிளகு, சுக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த முனிசிபல் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு அடுத்த வீடு. எங்கள் தாத்தாக்களைத் தமிழ்நாட்டிலிருந்து எதற்குக் கூட்டி வந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். தெருக் கூட்டவும் ஓடை வாரவும், அந்தக் காலத்தில் அதைவிட மோசமானதைத் தலையில் சுமக்கவும். வேலையோடு தங்க வீடும் கொடுத்தார்கள், 'அந்த லைன் ஆளுகள்' என்ற பெயரையும் கொடுத்தார்கள். வீடு ஒழுகும். பெயர் மட்டும் தலைமுறை தலைமுறையாக அப்படியே கெட்டியாக இருந்தது.

கொச்சியில் பினாயிலுக்கு லோஷன் என்று பெயர். அத்தைக்கும் லைனில் அதுதான் பெயர். 'லோஷன் வர்றா' என்றால் பிள்ளைகள் கையைப் பின்னால் ஒளித்துக்கொள்ளும். தினம் இரண்டு வேளை வீட்டைக் கழுவுவாள். வாசல்படி, கதவுக் கொண்டி, தண்ணீர்க் குடத்தின் கழுத்து, ஒன்றும் தப்பாது. எந்நேரமும் ஈரத்தில் கிடந்து அவள் விரல்களெல்லாம் தோல் உரிந்து வெடித்திருக்கும். அந்த விரலை நீட்டித்தான் எங்களை விரட்டுவாள். "எந்தாடி கோலம் இது? சோப்பு போட்டு கையக் கழுகிட்டு வந்து எம் மோளத் தொடு." கழுவிக்கொண்டு வந்தால் கையை முகர்ந்து பார்ப்பாள். திருப்தி இல்லையென்றால் மறுபடியும் அனுப்புவாள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

மாமா, அதாவது அவள் புருஷன், ஓடையில் இறங்கி வேலை பார்க்கிறவர். அவர் திரும்பி வரும்போது வெளிக் குழாயடியில் லோஷன் கலந்த பக்கெட் தயாராக இருக்கும். காக்கியைக் கழற்றி, குளித்து, வேறு துணி மாற்றின பிறகுதான் படியேறலாம். அதற்கப்புறமும் மகளைத் தூக்க உத்தரவு கிடைக்க வேண்டும். அந்த மனுஷன் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. ஒருநாள் எங்கப்பாவிடம், "ரோட்டுல ஒரு இன்ஸ்பெக்டர், வீட்டுல ஒரு இன்ஸ்பெக்டர் அண்ணே. வீட்டு இன்ஸ்பெக்டர்தான் கஷ்டம், கேட்டோ," என்று சொல்லிச் சிரித்தார். எங்கப்பாவும் சிரித்தார். எங்கம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ஊர்க்காரன் நம்மள வாசல்ல நிறுத்துறான். இவ சொந்தப் புருஷனையே நிறுத்துறா," என்றாள்.

அம்மா சொன்னது நியாயம்தான். ஆனால் அத்தை ஏன் அப்படி முற்றிப்போனாள் என்பது எனக்குத் தெரியும். அது நடந்த இடத்தில் நான் இருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். செல்வியை ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தார்கள். நான் அதே பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்பு. அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவது என் பொறுப்பு. ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செல்வி, "அம்மா, எம் மேல எந்தா நாறுது?" என்று கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாளாம். குழந்தை அதை அழாமல்தான் சொன்னது. அத்தை அவளை மடியில் போட்டு உச்சந்தலையை முகர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலையில் பிள்ளையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, பவுடர் அப்பி, யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டு, தானும் விசேஷத்துக்கு மட்டும் எடுக்கிற பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு எங்களோடு கிளம்பினாள். நேராக வகுப்புக்குள் போய் டீச்சர் முன்னால் செல்வியை நிறுத்தினாள்.

"டீச்சரே, இவள ஒண்ணு மணத்து நோக்கணும்."

டீச்சருக்கு முகம் செத்துப்போனது. "அய்யோ சேச்சி, அதொந்நும் வேண்டா. குட்டிகளல்லே..."

"வேணும் டீச்சரே. தலைய நோக்குங்க, கழுத்த நோக்குங்க. எல்லாரும் காணணும்."

வேறு வழியில்லாமல் டீச்சர் முகர்ந்து பார்க்கக் குனிந்தார். எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. அந்த நேரம் பார்த்து, அப்பியிருந்த பவுடர் மூக்கில் ஏறி, செல்வி ஒரு தும்மல் தும்மினாள் பாருங்கள்! டீச்சரின் புடவையெல்லாம் சளி. வகுப்பே கொல்லென்று சிரித்தது. 'அய்யே, சீ' என்று ஒரு குரல் கேட்டது. அத்தை தன் பச்சைப் புடவை முந்தானையால் டீச்சரின் புடவையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, "க்ஷமிக்கணும் டீச்சரே, க்ஷமிக்கணும்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கழுத்தை முகர்ந்து பார்க்கச் சொன்ன வீராப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

அன்றிலிருந்து அவளுக்குத் தும்மல்தான் எதிரி. அழுக்கு வெளியில் மட்டும் இல்லை, பிள்ளைக்குள்ளேயும் இருக்கிறது, அதை உள்ளே போய்க் கொல்ல வேண்டும் என்று தீர்மானம் பண்ணிக்கொண்டாள். அதற்கு ஆயுதமும் கிடைத்தது. மெடிக்கல் ஷாப்பில் சிவப்பும் கறுப்புமாக, கிருமியைக் கொல்லுகிற ஒரு கேப்சூல். டாக்டர் சீட்டுக் கீட்டு ஒன்றும் வேண்டாம், கேட்டால் கொடுப்பார்கள். கேப்சூலைப் பிரித்துப் பொடியைக் காகிதத்தில் கொட்டி, பிளேடால் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியைச் சர்க்கரைத் தண்ணீரில் கலக்கிக் கொடுப்பாள். குங்குமம் பொட்டலம் கட்டுகிற மாதிரி அத்தனை பக்தியாகச் செய்வாள். தும்மல் நின்றால் மருந்தும் நிற்கும். மறுபடி தும்மினால் மறுபடி பாதி.

சுக்கு மூட்டை இறக்குகிற நாளில் எங்கள் லைனே தும்மும். அதற்கெல்லாம் மருந்தா சாப்பிடுவார்கள்? எங்கம்மா ஒருநாள் கேட்டேவிட்டாள். "தூசிக்குத் தும்முற கொச்சுப் பிள்ளைக்கு எந்தினாடி இந்த மருந்து? வயிறு என்னாத்துக்கு ஆகும்?"

"உங்க புள்ளைங்க மூக்கொழுகிட்டு நடந்தா உங்களுக்கு ஒண்ணும் இல்ல அக்கா. எம் புள்ளையப் பாத்து இனி ஒருத்தி மூக்கப் பொத்தக் கூடாது."

ஆனால் வயிறு கெட்டது கெட்டதுதான். ஒரு வாரம் போக்கு, ஒரு வாரம் கட்டு. செல்விக்குக் கொதிக்க வைத்த தண்ணீர், பால், ரொட்டி, வெந்த கஞ்சி. தயிர் கிடையாது, மோர் கிடையாது, புளித்த மாவில் செய்த எதுவும் கிடையாது. புளிப்பு என்றால் கிருமி, கிருமி என்றால் அழுக்கு. எங்கள் வீட்டில் காலைச் சாப்பாடே பழங்கஞ்சிதான். முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, விடிந்ததும் மோர் விட்டு, சின்ன உள்ளியும் பச்சைமிளகாயும் நசுக்கிப் போட்டுக் குடித்துவிட்டு அப்பா வேலைக்குப் போவார். அத்தை அதைப் பார்க்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒருநாள் செல்வி எங்கள் வீட்டுக்குள் நழுவி வந்து, நான் குடித்துக்கொண்டிருந்த பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொடுத்தேன். அப்படிக் குடித்தாள். கன்னத்தில் மோர் வழிய, "நல்ல ருசி, ராணியக்கா," என்றாள். அதற்குள் அத்தை வந்துவிட்டாள். சத்தம் போடவில்லை. பிள்ளையை வாசலுக்குக் கொண்டுபோய், குனிய வைத்து, தொண்டைக்குள் விரலை விட்டாள். வெடித்துப்போன அந்த விரல். எல்லாம் வெளியே வரும்வரை விடவில்லை. செல்வி கண் பிதுங்கி என்னைப் பார்த்தாள். "நீ மனுஷியாடி?" என்று எங்கம்மா கத்தினாள். அத்தை பிள்ளையின் வாயைக் கழுவிவிட்டு, எங்கள் வாசலையும் லோஷன் ஊற்றிக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு அவளை வெறுத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் காட்சியை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, எனக்கு டைஃபாய்டு வந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்ததும் அவள்தான். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை வேளை தப்பாமல் கொடுத்து, தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, என் வாந்தியைக் கையால் அள்ளினாள். முகம் சுளிக்கவில்லை. "நீ வேகம் எழுந்திரி மோளே. பள்ளிக்கூடத்துக்கு செல்விய ஆரு கொண்டு போவா?" என்று சொல்லிச் சொல்லி நெற்றியைத் துடைப்பாள். கிருமியைக் கொல்ல வேண்டிய இடத்தில் கொன்று என்னைப் பிழைக்க வைத்தாள். கொல்லக் கூடாத இடம் ஒன்று உண்டு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

செல்வி வளர வளரத் தும்மலும் வளர்ந்தது. எழுந்ததும் ஆரம்பித்தால் பத்து, இருபது என்று அடுக்காகப் போகும். கண் சிவக்கும், மூக்கு நுனி தோலுரியும். கைக்குட்டை இல்லாமல் அவளைப் பார்க்க முடியாது. மூக்கு அடைத்து அடைத்து மணமே தெரியாமல் போனது. மீன் கறி கொதிக்கிறதா, கருகுகிறதா என்றுகூடச் சொல்லத் தெரியாது. அதே லைனில், அதே சுக்குத் தூசியில், ஓடையோரம் புரண்டு பழங்கஞ்சி குடித்த நாங்கள் கல் மாதிரி இருந்தோம். இது அத்தையின் கண்ணில் படாமலா இருக்கும்? பட்டது. இன்னும் கொஞ்சம் சுத்தம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

மகள் துடைப்பத்தைத் தொடக் கூடாது. இதுதான் அவளுடைய ஒரே ஆசை. நான் அப்போது எர்ணாகுளத்தில் பிராட்வேயில் ஒரு பாத்திரக் கடையில் வேலைக்கு நின்றுகொண்டிருந்தேன். பக்கத்துத் துணிக்கடையில் சொல்லி செல்விக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன். ஒரே நிறத்தில் யூனிஃபார்ம் சேலை, தலையில் பூ, உள்ளே ஏசி. முதல் நாள் படகுத்துறைவரை வந்து வழியனுப்பிய அத்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கலெக்டர் வேலைக்கு அனுப்புகிறவள்கூட அப்படி நின்றிருக்க மாட்டாள்.

புதுத் துணியில் எவ்வளவு தூசு இருக்கும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? சமாளித்துப் பார்த்தாள் பாவம். பிரித்த மடிப்பிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வாள், மூச்சை அடக்குவாள். கடைசியில் ஒரு கல்யாணக் கூட்டம் வந்தது. பெண்ணுக்குப் புடவை எடுக்கிறார்கள். 'இது போதும், இதை எடுத்துக்கலாம்' என்று பெரியம்மா ஒருத்தி பட்டின் மேல் கை வைத்த அந்த நொடியில் செல்வி தும்மினாள். ஒற்றைத் தும்மல். எந்நாளும் அடுக்காகத் தும்முகிறவளுக்கு அன்றைக்குப் பார்த்து ஒன்றோடு நின்றுவிட்டது. பெரியம்மா கையை எடுத்தாள். மொத்தக் கூட்டமும் செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனது. சாயங்காலமே முதலாளி, "நாள வரண்டா," என்றார். வேலை போனது.

அதற்குப் பிறகுதான் ஒழுங்கான ஒரு டாக்டரிடம் போனோம். நானும் கூடப் போனேன். காது மூக்கு தொண்டைக்குப் படித்த சின்ன வயதுப் பெண். பொறுமையாகக் கேட்டார். சின்ன வயதில் என்னென்ன மருந்து கொடுத்தீர்கள் என்றதும் அத்தைக்கு முகம் மலர்ந்தது. கேப்சூல், பிளேடு, சர்க்கரைத் தண்ணீர், ஒன்று விடாமல் சொன்னாள். ஒரு தும்மலைக்கூடச் சும்மா விட்டதில்லை என்றாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"அம்மா, நம்ம குடல்ல நல்ல கிருமியும் உண்டு. கொச்சுப் பிள்ளையா இருக்கும்போது, எது விஷம், எது வெறும் தூசிப் பொடினு உடம்புக்குப் படிப்பிக்கிறதுல அதுங்களுக்கும் பங்குண்டுன்னு இப்போ பறயுறாங்க. இந்த கேப்சூல் கெட்டத மாத்திரம் கொல்லாது. கூடக்கூடக் கொடுத்தா நல்லதும் போகும். அப்புறம் உடம்பு சும்மா கிடக்கிற பொடியக் கண்டாலும் சண்டைக்குப் போகும்." அத்தையின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவசரமாக, "இது மட்டுந்தான் காரணம்னு ஆராலயும் பறய முடியாது, கேட்டோ. குடும்பத்துல வர்றதா இருக்கலாம், ஊர்ப் பொடியா இருக்கலாம்," என்றும் சொன்னார். மூக்குக்குச் சொட்டு மருந்தும் மாத்திரையும் எழுதினார். மாத்திரை போட்டால் குறையும், விட்டால் வரும் என்றார்.

படகில் வரும்போது, மட்டாஞ்சேரித் துறை கண்ணுக்குத் தெரிகிற சமயத்தில் அத்தை என் பக்கம் திரும்பினாள்.

"ராணி, அந்த டாக்டர் என்ன சொல்லுது? எம் புள்ளைக்கு அழுக்கு போதாமப் போச்சுன்னா?"

"அப்படி இல்ல அத்தை. மருந்து கூடிப்போச்சுன்னு..."

"அதேதான். அழுக்கு போதல. என் மாமியாக்காரிய அழுக்குன்னாங்க, என்னைய அழுக்குன்னாங்க, எம் மோளப் பாத்து மூக்கப் பொத்துனாங்க. கழுகிக் கழுகி எங்கையி போச்சு. இப்போ வந்து அழுக்கு போதலன்னு சொல்றாங்களே, இவங்களுக்கு என்னதான்டி வேணும்?"

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூக்கைப் பொத்தின பிள்ளையின் வீட்டில் போய் யாராவது இந்தக் கணக்கைக் கேட்பார்களா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. தப்பு செய்தது அத்தை என்றால், அவளை அதைச் செய்ய வைத்தவர்களுக்கு என்ன பெயர்? அவர்கள் எல்லோரும் நிம்மதியாகத் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் அத்தை வழக்கம்போல லோஷன் ஊற்றி வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள். வேறு என்ன செய்யத் தெரியும் அவளுக்கு?

அடுத்த மழைக்காலத்தில் மாமா போய்விட்டார். ஓடைத் தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல். காய்ச்சல் வந்து ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. வேலையில் இருக்கும்போது செத்தால் குடும்பத்தில் ஒருவருக்கு அந்த வேலை கிடைக்கும். யாரும் எடுக்கவில்லையென்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அத்தை தானே போகிறேன் என்றாள். ஆபீசுக்கு நடந்தாள், அழுதாள், சண்டை போட்டாள். வயது தாண்டிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருந்தது செல்வி.

"வீடு போனாப் போட்டும். பாலத்துக்கு அடியில கிடப்போம். நீ அந்தத் துடப்பத்தத் தொடக் கூடாது," என்று அத்தை பிடிவாதம் பிடித்தாள். செல்விதான் முடிவு செய்தாள். "நான் போறேன்மா. எனக்குத்தான் ஒண்ணும் மணக்காதே, பின்ன எந்தா? அதுக்குன்னே செஞ்சு வெச்ச மூக்கு," என்று சொல்லிச் சிரித்தாள். அவளுக்கும் என்னைப் போல வாய் உண்டு, மூக்கடைப்பில் அது வெளியே தெரிவதில்லை.

உடம்பு தகுதி என்று அரசு ஆஸ்பத்திரி டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பக்கத்து மேஸ்திரி முன்கூட்டியே எச்சரித்தார். "பொடி ஒத்துக்காது, தும்மல் உண்டுன்னு டாக்டர் எழுதினா தீர்ந்தது. வேலையும் இல்ல, வீடும் இல்ல." காலையிலேயே அத்தை மகளுக்கு மாத்திரை கொடுத்தாள், மூக்கில் சொட்டு விட்டாள். தும்மல் வந்தால் மேலுதட்டை எப்படி அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். எந்த வேலைக்கு மகளை அனுப்பக் கூடாது என்று இருபது வருஷம் போராடினாளோ, அந்த வேலைக்கு அவளைப் பாஸ் பண்ண வைக்கக் கெஞ்சாத சாமி இல்லை.

ஆஸ்பத்திரியில் வரிசை நீளம். எங்கள் முறை வந்தபோது டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். மேலே மின்விசிறி சுற்றி, அலமாரியில் அடுக்கியிருந்த பழைய காகிதக் கட்டுகளின் தூசியைக் கிளப்பிவிட்டுக்கொண்டிருந்தது. செல்விக்குக் கண்ணில் நீர் கோத்துவிட்டது. உதட்டை அழுத்திப் பிடித்தாள்.

"ஆஸ்துமா? அலர்ஜி? தும்மல், இழுப்பு, அங்ஙனெ எந்தெங்கிலும்?" என்றார் டாக்டர்.

வாயைத் திறந்தால் தும்மல் வந்துவிடும். செல்வி அம்மாவைப் பார்த்தாள். அத்தை அவளை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு மேஜையோரம் வந்து நின்றாள். சாகும்வரைக்கும் அவள் வாயில் வராது என்று நான் நினைத்திருந்த வார்த்தையைச் சொன்னாள்.

"அதொண்ணும் இல்ல சாரே. எங்க ஆளுகளுக்கு அதெல்லாம் வராது. நாங்க அழுக்குலயே பொறந்து வளர்ந்தவங்க இல்லியா?"

டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது ஷெரிதன்னே," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.